கேளுங்கள், சொல்கிறேன்: துண்டு போட்டு இடம் பிடிக்கும் மருந்துகள்

இந்த இதழுக்கு நரம்பு மண்டலத்தைப் பற்றிக் கேட்கலாம் என்று ஆசிரியர் அறிவித்தாலும் அறிவித்தார், வீட்டுத் திண்ணையில் கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிக் கடிதங்களில் ஒரே கேள்வி: ‘பக்கவிளைவே இல்லாத மருந்து எது?’ அவர்கள் அனைவருக்கும் மொத்தமாக ஒரு பதில்: விளைவே இல்லாத மருந்துதான். மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். 31 ஆண்டுகள் அரசு மருத்துவக் கல்லூரிகளில் மருந்தியல் நடத்தியவள் நான். சில இடங்களில் குரல் வகுப்பறைக் குரலாக மாறிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலைவலி மாத்திரையை விழுங்கினால் வயிற்றுக்குத்தானே போகிறது? தலைக்குப் போக வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும், டாக்டர் அம்மா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, மன்னார்குடி

தெரியாது கண்ணே. அதற்கு ஒன்றுமே தெரியாது. குடலிலிருந்து ரத்தத்தில் கலந்து கால் கட்டைவிரல் வரைக்கும் போகிறது. எங்கே தனக்கேற்ற இடம் இருக்கிறதோ அங்கே வேலை செய்கிறது. மற்ற இடங்களில் சும்மா சுற்றிவிட்டுச் சிறுநீரில் போய்விடுகிறது.

அந்த ‘இடம்’ என்ன என்று கேட்பாய். இரண்டு நரம்புச் செல்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை, நடுவில் மிகச் சிறிய இடைவெளி உண்டு. செய்தி அந்த இடைவெளியை மின்பொறி போலத் தாண்டுகிறதா, ரசாயனமாகக் கடக்கிறதா என்று நூறாண்டுக்கு முன்பு பெரிய சண்டை. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஓட்டோ லோவி என்ற பேராசிரியர், ஓர் ஈஸ்டர் சமயத்தில், நள்ளிரவில் விழித்து ஒரு சோதனையைத் துண்டுச் சீட்டில் குறித்துவைத்தார். காலையில் பார்த்தால் தன் கையெழுத்து தனக்கே புரியவில்லை. (மருத்துவர் கையெழுத்து அன்றும் அப்படித்தான்.) மறுநாள் இரவு மூன்று மணிக்கு அதே யோசனை மீண்டும் வந்தது. இந்த முறை படுக்கையில் இருக்கவில்லை, நேராக ஆய்வகத்துக்குப் போனார். இரண்டு தவளை இதயங்களை எடுத்தார். ஒன்றின் நரம்பைத் தூண்டினார், துடிப்பு குறைந்தது. அந்த இதயம் இருந்த திரவத்தை எடுத்து மற்றொன்றில் விட்டார். நரம்பே இல்லாத அந்த இரண்டாவது இதயமும் மெல்லத் துடித்தது. செய்தி திரவத்தில் கலந்து வந்திருந்தது. 1921-இல் அதை வெளியிட்டார், 1936-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்தப் பொருளுக்குத்தான் இன்று அசிட்டைல்கோலின் என்று பெயர்.

ஒரு செல் இப்படிப்பட்ட பொருளைச் சுரக்கும். அடுத்த செல்லில் அது உட்கார இருக்கைகள் உண்டு. புத்தகத்தில் ‘ஏற்பி’ என்று போட்டிருப்பார்கள். அது உட்கார்ந்தால்தான் செய்தி போய்ச் சேரும். நரம்பைத் தொடும் மருந்துகள் பெரும்பாலும் இந்த இருக்கை விவகாரம்தான். சில மருந்துகள் உரியவர் போலவே உட்கார்ந்து வேலையைச் செய்யும். சில, பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவது போல இடத்தை மட்டும் பிடித்துவைக்கும். தாமும் வேலை செய்யா, உரியவரையும் உட்கார விடா. இதை நினைவில் வைத்துக்கொண்டு மற்ற பதில்களையும் படி.

ஏகாதசி அன்று காப்பி குடிப்பதில்லை. மாலைக்குள் தலை பிளக்கிறது. என் மருமகள் ‘அத்தை, உங்களுக்குக் காப்பி போதை’ என்கிறாள். உண்மையா?
– வாசகி, கும்பகோணம்

மருமகள் பாதி சரி. நாள் முழுக்க மூளை உழைக்க உழைக்க அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது தன் இருக்கைகளில் உட்கார உட்காரத் தூக்கம் வரும். காப்பியிலுள்ள காஃபீன் உருவத்தில் அதற்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. அந்த இருக்கைகளில் துண்டைப் போட்டுவிடுகிறது. ஆகவே காப்பி தெம்பு எதையும் கொண்டுவருவதில்லை. களைப்பு வாசலில் நின்றுகொண்டிருக்கிறது, உள்ளே விடவில்லை, அவ்வளவுதான்.

மூளை இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது. பல ஆண்டுகள் துண்டு விழுந்துகொண்டே இருந்தால் கூடுதல் இருக்கைகளைப் போட்டுவிடும். ஏகாதசி அன்று துண்டே இல்லை, இருக்கைகளோ ஏராளம். அடினோசின் மொத்தமாக வந்து உட்காரும், தலையின் ரத்தக் குழாய்கள் விரியும், வலிக்கும். ஏகாதசிக்கு முந்தின வாரத்திலிருந்தே டம்ளரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறிதாக்கிக்கொண்டு வாருங்கள், வலி வராது. மாலைக் காப்பியையும் கவனியுங்கள். உடலில் காஃபீன் பாதியாகக் குறையச் சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கும். நான்கு மணிக்குக் குடித்ததில் பாதி, ஒன்பது மணிக்கும் உங்களோடுதான் இருக்கிறது.

போதை என்ற சொல்லைப் பொறுத்தவரை, உடல் பழகிவிட்டது என்பது உண்மை. ஆனால் காப்பிக்காகத் தாலியை அடகு வைத்தவரை நான் இதுவரை பார்க்கவில்லை என்று மருமகளிடம் சொல்லுங்கள்.

சளிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வேன் ஓட்டினால் கண் சொக்குகிறது. மூக்குக்குக் கொடுத்த மருந்து கண்ணை ஏன் மூடுகிறது?
– ஓட்டுநர், ஒட்டன்சத்திரம்

மூக்கில் நீரை வரவழைக்கும் ஹிஸ்டமின்தான் மூளையில் உங்களை விழிப்பாக வைத்திருக்கிறது. அவில் போன்ற பழைய மாத்திரைகள் மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவிலுள்ள தடுப்பைத் தாண்டி உள்ளே போய், அங்கேயும் ஹிஸ்டமினின் இருக்கையில் துண்டு போட்டுவிடும். ஃபெக்ஸோஃபெனடின் போன்ற புதியவை பெரும்பாலும் வெளியிலேயே நின்றுவிடும். ‘நான் வண்டி ஓட்டுபவன்’ என்ற மூன்று சொல்லை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். பழைய மாத்திரை போட்ட இரவில் ஸ்டீயரிங்கைத் தொடாதீர்கள்.

என் தங்கைக்கு வாந்தி நிற்க ஊசி போட்டார்கள். இரண்டு மணி நேரத்தில் கழுத்து ஒரு பக்கம் திருகி, கண் மேலே செருகி, வாய் கோணிக்கொண்டது. அம்மா வேப்பிலை அடிக்கச் சொன்னார். மருத்துவமனையில் இன்னொரு ஊசி போட்டதும் சரியானது. எது நிஜம்?
– வாசகர், விருத்தாசலம்

வாந்தி ஊசிதான் நிஜம், அம்மாவின் பயமும் நிஜம். நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, 1983 என்று நினைவு, நெற்றி முழுக்கத் திருநீறும் கையில் எலுமிச்சம்பழமுமாகப் பதினேழு வயதுப் பெண்ணைத் தூக்கி வந்தார்கள். உங்கள் தங்கை போலவே கழுத்து திருகியிருந்தது. நினைவு தெளிவாக இருந்தது, கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, நாக்கு மட்டும் பேச வரவில்லை. எனக்கு வியர்த்துவிட்டது. மூத்த மருத்துவர் கேட்டது ஒன்றே ஒன்று: ‘இன்றைக்கு என்ன மாத்திரை சாப்பிட்டாள்?’ பாட்டி சேலை முந்தானையை அவிழ்த்து ஒரு காலி அட்டையை நீட்டினார். மெட்டோகுளோபிரமைட். புரோமெத்தசின் ஊசி போட்டுக் கால் மணி நேரத்தில் கழுத்து நேராக வந்தது. பாட்டி எலுமிச்சம்பழத்தை எங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மூளைத்தண்டின் அடியில் வாந்தியைக் கிளப்பும் ஓர் இடம் உண்டு. அங்கே டோபமைனின் இருக்கையில் துண்டு போட்டால் வாந்தி நிற்கும். ஆனால் உடல் அசைவைச் சீர்படுத்தும் இன்னோர் இடத்திலும் அதே டோபமைன் இருக்கைகள் இருக்கின்றன. அங்கே டோபமைனும் அசிட்டைல்கோலினும் தராசின் இரு தட்டுகள். ஒரு தட்டைக் காலி செய்தால் மற்றது இழுக்கும், தசை முறுக்கிக்கொள்ளும். இளம் வயதினருக்கு இது அதிகம் நேர்கிறது. இரண்டாவது ஊசி மறுதட்டின் எடையைக் குறைத்தது. தங்கையின் மருத்துவக் குறிப்பில் அந்த மருந்தின் பெயரைச் சிவப்பு மையில் எழுதிவையுங்கள். அவளுக்கு அது மறுபடி வேண்டாம்.

இந்தத் தராசு பிடிபட்ட கதையில் நம் நாட்டு வேர் ஒன்றுக்கும் பங்கு உண்டு. சர்ப்பகந்தா ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் எழுதினார். அதிலிருந்து பிரித்தெடுத்த ரிசர்பின், நரம்பு முனைகளில் சேமித்துவைத்த டோபமைனையும் அதன் உறவுகளையும் காலி செய்துவிடும். ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் அதை முயல்களுக்குக் கொடுத்தார். காது தொங்கி, அசையாமல் கிடந்தன. டோபமைனாக மாறக்கூடிய எல்-டோபாவை ஊசியில் ஏற்றினார், எழுந்து நடந்தன. பார்க்கின்சன் நோயாளிகள் இன்று விழுங்கும் மாத்திரைக்கு அந்த முயல்கள்தான் முன்னோடி.

கார்த்திகை முதல் நாள் என் கணவர் மாலை போட்டுக்கொண்டு, பதினைந்து ஆண்டுக் குடியை அன்றே நிறுத்தினார். மூன்றாம் இரவு சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தார். செத்துப்போன மாமனாரோடு பேசினார். விரதத்தில் ஏதோ குறை என்கிறார்கள்.
– வாசகி, தேனி மாவட்டம்

விரதத்தில் குறையில்லை தாயே. ஒவ்வொரு கார்த்திகையிலும் மருத்துவமனைகள் எதிர்பார்த்துக் காத்திருக்கும் நோய் இது.

மூளைக்குப் பிரேக்கும் உண்டு, ஆக்சிலரேட்டரும் உண்டு. காபா என்பது பிரேக், குளூட்டமேட் என்பது ஆக்சிலரேட்டர். சாராயம் முதலாவதை அழுத்தும், இரண்டாவதைத் தளர்த்தும். அதனால்தான் முதலில் கூச்சம் போகிறது, பிறகு நடை போகிறது, கடைசியில் நினைவு போகிறது. தினமும் பதினைந்து ஆண்டு பிரேக்கை மிதித்தே ஓட்டினால் மூளை என்ன செய்யும்? வண்டி நகர வேண்டுமே என்று ஆக்சிலரேட்டரைக் கூட்டிவைத்துக்கொள்ளும். கார்த்திகை முதல் நாள் காலை பிரேக்கிலிருந்து கால் எடுக்கப்பட்டது. வண்டி தறிகெட்டு ஓடியது. ஒரு நாளுக்குள் கை நடுக்கமும் வியர்வையும். இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு. இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை எறும்பு, பாம்பு, இறந்தவர்கள். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். குடித்துச் சாகாதவர், நிறுத்திச் சாவதா?

மருத்துவமனையில் அதே பிரேக்கை மெல்ல அழுத்தும் குளோர்டயசெபாக்சைடு போன்ற மாத்திரையைக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வருவார்கள். கூடவே தயமின், அதாவது வைட்டமின் பி1. சோற்றைவிடச் சாராயம் அதிகம் உள்ளே போனவர்களுக்கு அது வற்றிப்போயிருக்கும். வற்றிய நிலையில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் கண் அசைவும் நடையும் நினைவும் சேர்ந்து கெட்டுவிடலாம். ஆகவே ‘ஒரு பாட்டில் ஏற்றினால் சரியாகிவிடும்’ என்று அருகிலுள்ள கிளினிக்கில் நிற்காதீர்கள், மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போங்கள், குடிப்பழக்கத்தை மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு மாலை போட நினைக்கும் கணவன்மார்களின் மனைவியருக்கு: குருசாமியைப் பார்ப்பதற்கு முன்பு மருத்துவரைப் பாருங்கள். போதை மறுவாழ்வுக்கான இலவச உதவி எண் 14446.

கள்ளச்சாராயம் குடித்தவர்களுக்குக் கண் ஏன் போகிறது?
– வாசகர், சின்னசேலம்

உங்கள் மாவட்டத்துக்காரருக்கு நான் கதை சொல்ல வேண்டியதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் போனார்கள். அதில் இருந்தது மெத்தனால். அதுவாகப் பெரிய விஷமில்லை. கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக்கும், அந்த அமிலம் பார்வை நரம்பை எரிக்கும். அதற்குப் பல மணி நேரம் பிடிப்பதால், ‘குடித்தவர் வீட்டுக்கு நன்றாகத்தானே வந்தார்’ என்று உறவினர்கள் ஏமாந்துவிடுகிறார்கள். முறிவு மருந்து கேட்டால் சிரிப்பீர்கள்: ஃபோமெபிசோல் என்ற மருந்து கிடைக்காத இடத்தில் எத்தனாலே, அதாவது நல்ல சாராயத்தில் இருக்கும் அதே பொருளே மருந்து. கல்லீரலின் நொதியில் அது முந்திக்கொண்டு துண்டு போட்டுவிடும், மெத்தனால் அமிலமாக மாறாமல் வெளியேற நேரம் கிடைக்கும். இதை வீட்டு வைத்தியமாகச் செய்ய நினைக்காதீர்கள். அளவு பார்த்து, ரத்தத்தைச் சுத்திகரிக்கும் வசதியோடு மருத்துவமனையில் செய்வது அது.

பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்த என் தம்பி மயங்கி விழுந்தான். மருத்துவமனையில் ஊசி மேல் ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள். ஆனால் இரண்டு நாள் பித்துப் பிடித்தவன் போலப் போர்வையில் இல்லாத நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். அளவு தெரியாமல் போட்டுவிட்டார்களா?
– விவசாயி, பெரம்பலூர் மாவட்டம்

அளவு தெரிந்துதான் போட்டிருப்பார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வகுப்பில் எனக்குப் பிடித்த பாடம் இதுதான்.

மன்னார்குடிப் பெண்ணுக்குச் சொன்ன அசிட்டைல்கோலின் வேலை முடிந்ததும் உடனே அகற்றப்பட வேண்டும். அதைத் துடைத்தெடுக்க ஒரு நொதி காவலிருக்கிறது. ஆர்கனோ பாஸ்பரஸ் பூச்சிமருந்து அந்தக் காவலாளியைக் கட்டிப்போட்டுவிடும். பூச்சிக்கும் அதேதான், மனிதனுக்கும் அதேதான். அசிட்டைல்கோலின் குவியும். எச்சில், கண்ணீர், வியர்வை, எல்லாம் பெருகும். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். நுரையீரல் தன் நீரிலேயே மூழ்கும். தசை துடித்துத் துடித்து ஓயும்.

மருந்து அட்ரோபின். அது எங்கே இருக்கிறது தெரியுமா? உங்கள் வரப்போரம் முளைக்கும் ஊமத்தையிலும் அதன் இனத்தாரிடமும்தான். சிவபெருமான் சடையில் சூடும் மத்தம். உன்மத்தம் என்ற சொல்லிலிருந்தே ஊமத்தை என்ற பெயர் வந்தது என்பார்கள், வைத்தவர் விவரம் தெரிந்தவர். அது அசிட்டைல்கோலினின் இருக்கைகளில் துண்டு போடும். எல்லாமே தலைகீழாகும்: வாய் வறளும், கண்மணி விரியும், உடல் கொதிக்கும், இதயம் ஓடும், மூளை தடுமாறி இல்லாத நூலைப் பிடுங்கும். ஊமத்தங்காயைத் தின்ற குழந்தைகளிடமும் இதைத்தான் பார்ப்போம். ஒரு விஷத்தின் நோய்க்குறிகளைப் புரட்டிப்போட்டால் மற்ற விஷத்தின் நோய்க்குறி.

மருத்துவருக்கு வேண்டியது உங்கள் தம்பியின் நுரையீரலில் நீர் வற்றுவது. அதுவரை, சிலருக்குப் பத்துப் பத்தாக ஆம்பூல் போக வேண்டியிருக்கும். கரை ஏறும்போது சிலர் கொஞ்சம் ஊமத்தைப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். அதைப் பார்த்து அளவைக் குறைப்பார்கள், தெளிந்துவிடும். நூல் பிடுங்கியவன் மூச்சு விட்டுக்கொண்டு பிடுங்கினான் என்பதை நினையுங்கள். அடுத்த முறை காற்றுக்கு எதிராக அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். முழுக்கைச் சட்டை போடட்டும், மேலே பட்டால் உடனே சோப்புப் போட்டுக் குளிக்கட்டும். தோல் வழியாகவும் அது உள்ளே போகும்.

கஞ்சா ஒரு மூலிகை. சித்தர்களே பயன்படுத்தினார்கள். ரசாயன மாத்திரையைவிட இயற்கையானது நல்லதுதானே?
– கல்லூரி மாணவர், கோவை

தம்பி, மேலே உள்ள பதிலைப் படித்தாயா? ஊமத்தையும் இயற்கைதான். நல்ல பாம்பும் இயற்கைதான்.

கஞ்சாவில் வேலை செய்யும் டிஎச்சி-யை 1964-இல் இஸ்ரேலில் ரஃபேல் மெகூலமும் அவருடைய சகாவும் பிரித்தெடுத்தார்கள். அது உட்காரும் இருக்கை நம் மூளையில் ஏன் இருக்கிறது என்று தேடி, 1992-இல் நம் உடலே செய்துகொள்ளும் பொருளைக் கண்டார்கள். அதற்கு வைத்த பெயர் ஆனந்தமைடு. ஆம், நம்முடைய ஆனந்தம்தான். அதன் வேலை விசித்திரமானது. மற்றவை முன்னே செய்தி கொண்டுபோனால், இது பின்னே வரும். கேட்கும் செல், பேசும் செல்லிடம் ‘போதும், நிறுத்து’ என்று சொல்வது. தேவைப்பட்ட இடத்தில், தேவைப்பட்ட நொடியில் சுரந்து மறைந்துவிடும். கஞ்சாப் புகை எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில், மணிக்கணக்கில் ‘நிறுத்து’ என்று கத்துகிறது. நினைவைப் பதியவைக்கும் பகுதியில் அந்த இருக்கைகள் மிக அதிகம். அதனால்தான் சொல்லத் தொடங்கிய வாக்கியம் பாதியில் காணாமல் போகிறது.

மூச்சை நடத்தும் பகுதியில் அவை குறைவு, ஆகவே அபினைப் போல மூச்சை நிறுத்திக் கொல்வது அரிது. இதை மறைத்தால் நீ என்னை நம்பமாட்டாய். ஆனால் உன் வயதில் மூளையின் முன்பகுதி இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை, இருபதுகளின் நடுவரை வேலை நடக்கிறது. கட்டுமானத்தின் நடுவில் ‘நிறுத்து, நிறுத்து’ என்றால் கொத்தனார் என்ன செய்வார்? குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்தால் உனக்கு ஆபத்து இன்னும் அதிகம். வீட்டில் விசாரித்துக்கொள்.

அப்பாவுக்குப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது. மார்ஃபின் மாத்திரை தந்திருக்கிறார்கள். ‘அது அபின், அடிமையாகிவிடுவார்’ என்று அண்ணன் கொடுக்க விடுவதில்லை. அப்பா இரவெல்லாம் முனகுகிறார்.
– வாசகி, நாகர்கோவில்

இந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அண்ணனிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

வலிச்செய்தி தண்டுவடம் வழியாக மேலே ஏறுகிறது. அந்த வழியில் அபினுக்கென்றே இருக்கைகள் இருப்பதை 1973-இல் கண்டார்கள். கசகசாச் செடியின் பாலான அபினுக்கு மனித உடலில் ஏன் இருக்கை? 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் பன்றி மூளைகளிலிருந்து விடையை எடுத்தார்கள். உடலே தன் வலிக்குத் தானே ஒரு மருந்தைச் சுரக்கிறது. உங்கள் அப்பாவின் உடல் சுரப்பது அவர் வலிக்குப் போதவில்லை. மார்ஃபின் மீதியைத் தருகிறது.

கிளர்ச்சிக்காக வலிமாத்திரையைத் தவறாகப் பயன்படுத்தும் இளைஞர்கள் சாவது உண்மை. அதே வகை இருக்கைகள் மூச்சை நடத்தும் இடத்திலும் உண்டு, கண்மணி சுருங்கித் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும். அப்பாவுக்குக் கொடுப்பது அதுவல்ல. குறைந்த அளவில் தொடங்கி, வலியைப் பார்த்துப் பார்த்து உயர்த்துவது. உடல் பழகும், நிறுத்துவதானால் மெல்லக் குறைக்க வேண்டியிருக்கும். அது அடிமைத்தனம் இல்லை. வலி வந்தபின் கொடுக்காதீர்கள், கடிகாரம் பார்த்துக் கொடுங்கள். மலச்சிக்கல் நிச்சயம் வரும், மற்றவை பழகினாலும் அது பழகாது. ஆகவே மலமிளக்கியை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். சட்டத்தைப் பற்றி அண்ணன் பயந்தால், மார்ஃபினை நோயாளிகள் எளிதாகப் பெறுவதற்காகவே 2014-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இன்றிரவே கொடுங்கள்.

தூக்க மாத்திரை எட்டு ஆண்டாகச் சாப்பிடுகிறேன். நாளை முதல் விட்டுவிடலாமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், சிவகாசி

நாளை முதல் வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் அல்பிரசோலம், சாராயம் மிதிக்கும் அதே பிரேக்கில்தான் கால் வைக்கிறது. தேனிக் கடிதத்தை ஒரு முறை படியுங்கள். மருத்துவர் துணையோடு வாரக்கணக்கில், வேண்டுமானால் மாதக்கணக்கில், துளித்துளியாகக் குறையுங்கள். இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும். இந்த மாத்திரை சாப்பிடும் முதியவர்கள் விழுந்து இடுப்பு உடைவது அதிகம்.

எல்லோருக்கும் புத்தி சொல்கிறீர்களே, நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?
– பெயர் போடாத வாசகர், திருச்சி

புரோபிரனலால், 40 மில்லிகிராம், காலையும் இரவும். எனக்குக் கை நடுக்கம். பார்க்கின்சன் இல்லை, என் அப்பாவுக்கும் இருந்த பரம்பரை நடுக்கம். கடைசி ஐந்தாண்டு கரும்பலகையில் நான் வரைந்த நரம்புச் செல்கள் எல்லாம் அலையலையாகவே இருக்கும். மாணவர்கள் அதையும் அப்படியே நகலெடுத்துத் தேர்வில் வரைந்தார்கள். இந்த மாத்திரை தசைகளில் அட்ரீனலினின் இருக்கையில் துண்டு போடுகிறது. மேடை ஏறும் இசைக் கலைஞர்கள் சிலர் கை நடுங்காமலிருக்க இதே மாத்திரையைப் போட்டுக்கொள்வதுண்டு. ஆஸ்துமா உள்ளவர்கள் இதன் பக்கமே போகக் கூடாது.

இந்த நடுக்கத்தைக் காப்பி கூட்டும். எனக்குத் தெரியும். கும்பகோணத்து அம்மாவுக்கு எழுதியதையும் நான்தான் எழுதினேன். ஆனாலும் மாலை நான்கு மணிக்கு என் வீட்டில் டம்ளரும் டபராவும் கடகடவென்று மோதும் சத்தம் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கேட்டுத்தான் பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்துவரக் கிளம்புகிறார்.